ஐந்து வீட்டு வெயில்

குருவிநத்தத்தில் ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதையை ஒட்டி ஐந்து வீடுகள் இருக்கின்றன. ஊர்த்தெரு முடிந்து காலனி தொடங்குகிற இடம் அது. முதல் வீடு மாடி வீடு. நெல்லும் கரும்பும் போடுகிற பச்சையப்பனும் அவர் மனைவி மகாலட்சுமியும் அதில் இருக்கிறார்கள். மற்ற நாலும் காலனி வீடுகள். மாடி வீட்டுக்கு அடுத்தது சகாயராணியின் வீடு.

சகாயராணி பிறந்தது பூரணாங்குப்பத்தில். பத்தொன்பது வயதில் அருள்தாஸைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். வந்த மறுவாரமே நடவுக்கு இறங்கினாள். நடவு, களை, கரும்புவெட்டு என்று இருபது வருஷம் வயல்காட்டிலேயே போயிற்று. அருள்தாஸ் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தான். உமி எரிகிற புகை போதாதென்று பீடி வேறு. நாற்பத்தெட்டு வயதில் படியேறினால் இரைத்தது. ஐம்பதில், கட்டிலிலிருந்து வாசல்வரை வந்தாலே உட்கார்ந்துவிடுகிற நிலைமை. ஆலை வேலை நின்றது.

சகாயராணி கிரைண்டர் வாங்கிப் போட்டு இட்லி மாவு அரைக்க ஆரம்பித்தாள். மாவைக் கொண்டுபோய் விற்க வண்டி வேண்டும். மகள் ஜெயசித்ரா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, நாற்பது வயதில் ஏரிக்கரையில் டி.வி.எஸ். ஓட்டப் பழகினாள். இரண்டு முறை கரையிலிருந்து உருண்டாள். மூன்றாம் வாரம் பாகூர் கடைத்தெருவுக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு மகளுக்குக் கல்யாணம் ஆகி அவள் திருக்கனூர் போய்ச் சேர்ந்தாள். அருள்தாஸுக்கு மூச்சு இன்னும் சுருங்கியது. ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரமாவது ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கொரோனா சமயத்தில் வாங்கி, அப்புறம் சும்மா கிடந்த ஆக்சிஜன் மெஷின் ஒன்றைப் பங்குச் சாமியார் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். சின்ன பீரோ மாதிரி சக்கரம் வைத்த மெஷின். கட்டிலுக்குப் பக்கத்தில் அது உறுமிக்கொண்டே இருக்கும். அருள்தாஸ் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான். குரல் சுருங்கினாலும் அவன் வாய் சுருங்கவில்லை.

கரண்ட்தான் தகராறு. ஊருக்கு வருகிற மின்கம்பி அந்த ஐந்து வீட்டோடு முடிகிறது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் போய்விடும். கரண்ட் போன நொடியில் மெஷின் 'பீப் பீப்' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் சகாயராணி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். சின்ன சிலிண்டர் ஒன்று கைவசம் இருந்தது. அது ரெண்டு மூணு மணி நேரம் தாங்கும். தீர்ந்தால் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்த்தான் நிரப்ப வேண்டும்.

கலைவேந்தன் என்கிற இளம் எஞ்சினீயர் ஊருக்கு வந்தது அப்போதுதான். சில வீடுகள் சேர்ந்து ஒரே சோலாரையும் ஒரே பேட்டரியையும் பங்கு போட்டுக்கொள்ள முடியுமா என்று சோதித்துப் பார்க்கிற குழுவில் அவன் வேலை செய்தான். ஐந்து வீடாவது ஒத்துப்போக வேண்டும் என்றான். வெயில் தடையில்லாமல் விழுகிற இடம் மகாலட்சுமியின் மொட்டைமாடி. பேட்டரியை நோயாளி இருக்கிற வீட்டில் வைப்பது என்று பேசி முடித்தார்கள். மகாலட்சுமி, சகாயராணி, தனியாக இருக்கும் ரோசம்மாள், வேன் ஓட்டுகிற பாக்யராஜ், தையல்காரர் இருசப்பன் என்று ஐந்து வீடு சேர்ந்தது.

பேட்டரி வந்து இறங்கிய அன்றைக்கு ஒரு வாக்குவாதம்.

"கீழயே வெச்சுடலாம்மா. வேலை சுலபம்," என்றான் கலைவேந்தன்.

"சார், ஆத்துல தண்ணி வந்தா இந்த வூட்ல எதுவரைக்கும் ஏறும்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும்." சகாயராணி சுவரில் தன் இடுப்பளவில் கையை வைத்துக் காட்டினாள். "இதுக்கு மேல வைங்க."

"அவ்ளோ எடைய செவுரு தாங்காதும்மா."

"தாங்கறா மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய், மறுநாள் இரும்பு ஸ்டாண்டு அடித்துக்கொண்டு வந்தான். பேட்டரி அவள் தோளுயரத்தில் ஏறி உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் ஐந்து சுவிட்சு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு வீட்டுப் பேர் எழுதி ஒட்டியிருந்தது. பேட்டரியில் எத்தனை பங்கு மிச்சம் என்று சின்னத் திரையில் எண் தெரியும். நூறு என்றால் நிறைவு. எண்ணைப் பார்க்கவும் சுவிட்சை ஏற்றி இறக்கவும் சகாயராணி ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.

விளக்கு, விசிறி, டி.வி. யார் வேண்டுமானாலும் போடலாம். கிரைண்டர், மோட்டார் மாதிரிப் பெரிய சாமான்களை வெயில் உச்சியில் இருக்கும்போது மட்டும், பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் ஓட்டிக்கொள்ள வேண்டும். இதுதான் ஐந்து வீட்டுக்கும் பேச்சு.

அந்தப் பேச்சை முதலில் மீறியது சகாயராணிதான்.

ஆடி மாதம் ஒரு விசேஷ வீட்டுக்கு நிறைய மாவு கேட்டார்கள். பகலில் பாதிதான் முடிந்தது. மீதியைப் பொழுதுசாய உட்கார்ந்து அரைத்துத் தீர்த்தாள். அன்று முழுக்க மேகமூட்டம். பேட்டரி காலியாகிக்கொண்டு போனதை அவள் பார்க்கவில்லை. இரவில் லைன் கரண்டும் போய்விட்டது. நல்லவேளை, அருள்தாஸுக்குச் சிலிண்டர் இருந்தது. மகாலட்சுமியின் கோழிக்குஞ்சுகளுக்கு எதுவும் இல்லை. நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று அப்போதுதான் முதல் முறையாகக் குஞ்சு இறக்கி, பல்பு வெளிச்சச் சூட்டில் வைத்திருந்தாள். விடிந்து பார்த்தபோது பதினாலு குஞ்சு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது.

மகாலட்சுமி ஒரு முறத்தில் அவற்றை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"வெயிலு என் மாடியில வுழுது சகாயராணி. நீ இஷ்டத்துக்கு அரைச்சுகினு இருப்பியா?"

தப்பு என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. சகாயராணிக்கு ரோஷம் முந்திக்கொண்டது.

"பொட்டி என் வூட்ல கீதும்மா. நானும் ராப்பகலா காவ காத்துகினுதான் இருக்கேன்."

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. நாலு மாதம் இருவரும் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கார்த்திகையில் புயல் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் லைன் கரண்ட் போயிற்று. ஞாயிறு முழுக்க வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. மரம் எத்தனை, கம்பம் எத்தனை சாய்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படியும் ஐந்து வீட்டில் விளக்கு எரிந்தது. அதனாலேயே ஆபத்தை யாரும் முழுசாக உணரவில்லை.

திங்கட்கிழமை காலை பெண்ணையாறு கரைபுரண்டது. பத்து மணிக்குத் தெருவில் கணுக்கால் தண்ணீர். பதினொன்றுக்கு முழங்கால். அருள்தாஸின் கட்டில் கால்களுக்கு அடியில் இருசப்பன் செங்கல் அடுக்கிக் கொடுத்தார். மெஷினை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். வீட்டுக்குள் தண்ணீர் தொடை அளவுக்கு ஏறி நின்றது. பேட்டரி அதற்கு மேலே, காய்ந்த இடத்தில் இருந்தது. பாகூர்ச் சாலை இரண்டு இடத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டதாகத் தகவல் வந்தது. ஆம்புலன்சுக்கு வழியில்லை.

கலைவேந்தன் போனில் வந்தான்.

"சகாயராணிம்மா, இப்ப எவ்ளோ காட்டுது?"

"அறுவத்தொண்ணு சார்."

அவன் வாய்க்குள் கணக்குப் போடுவது போனில் கேட்டது. "இந்த மழையில பேனல் ரொம்ப கம்மியாதான் குடுக்கும். அஞ்சு வீடும் இப்படியே ஓட்னா நாளைக்கு ராத்திரியோட காலி. மெஷின் மட்டும் ஓட்டினா, அதுவும் பதினாறு மணி நேரம்தான்னா, வியாழக்கிழமை வரைக்கும் இழுக்கலாம். அதுக்குள்ள லைன் வரணும், இல்ல வெயில் வரணும். மத்த நாலு சுவிட்சையும் எறக்கிடுங்கம்மா. உங்க கைக்கு எட்டற இடத்துலதானே இருக்கு."

சகாயராணி பெட்டியைத் திறந்து நின்றாள். நாலு சுவிட்சு. ஒரு விரல் போதும். கட்டிலில் அருள்தாஸ் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவன் உயிருக்காக என்றால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? ஆனாலும் அவள் விரல் நகரவில்லை.

"கேக்காம எப்படி சார் எறக்கறது? அதுல அவங்க வெயிலும்தானே கீது," என்று சொல்லிப் போனை வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

ரோசம்மாள் கதை முழுவதையும் கேட்கவே இல்லை. "இன்னாடி கேள்வி இது? எனக்கு ஒரு மெழுகுவத்தி போதும். நீ போய் எறக்கு, போ," என்று விரட்டினாள். இருசப்பன் தம் வீட்டு மெயினைத் தாமே அணைத்துவிட்டு வந்து, "பதினாறு மணி நேரம்னா, நடுவுல மெஷின் இல்லாத நேரத்துல யாராச்சும் பக்கத்துல இருக்கணும். நான் முறை வெச்சிக்கறேன்," என்றார். பாக்யராஜ் மட்டும் ஒன்று கேட்டான்: "பகல்ல ஒரு அரை மணி போன் சார்ஜ் குடுக்கா, டாக்டருக்குப் பேச வேணும்ல." கேட்டுவிட்டு அவனே, "மாடியில முருங்கக் கிளை ஒண்ணு பேனல் மேல வுழுந்து கெடக்குதாம். நான் ஏறி அத எடுத்துடறேன்," என்று கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கடைசியில் மாடி வீடு.

மகாலட்சுமி இந்த முறை முந்நூறு குஞ்சு இறக்கியிருக்கிறாள் என்று சகாயராணிக்குத் தெரியும். பத்து நாள் குஞ்சு. மாடி அறையில் இரண்டு பெரிய பல்பு இரவும் பகலும் எரிகின்றன. மெஷினுக்கு அடுத்து, ஐந்து வீட்டிலும் அதிகம் கரண்ட் குடிப்பது அந்தப் பல்புகள்தான். எந்தப் பல்பு அணைந்ததற்காக நாலு மாதம் முகம் பார்க்காமல் இருந்தார்களோ, அதே பல்பை அணைக்கச் சொல்லித்தான் இப்போது கேட்க வேண்டும்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை முகத்தில் அறைந்தது. மேல்படியிலிருந்து மகாலட்சுமியே பார்த்துவிட்டாள்.

"இன்னா? அருள்தாஸுக்கு எப்படி கீது?"

நாலு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை அது. சகாயராணி கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள்: "மெஷின் ஓடுதும்மா. பேட்டரி தாங்காதுன்னு சார் சொல்றாரு. மெஷின் மட்டும் ஓட்னாதான் வியாழன் வரைக்கும் வருமாம். மத்த மூணு வூட்லயும் ஒத்துகினாங்க." பல்பு என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை.

மகாலட்சுமி மாடி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளேயிருந்து முந்நூறு குஞ்சுகளின் கீச்சொலி வந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளே போனாள். மாடியில் எரிந்துகொண்டிருந்த மஞ்சள் வெளிச்சம் அணைந்தது.

திரும்பி வந்து, "போ. நீ போய் ஆள கவனி," என்றாள். சகாயராணி நகராமல் நிற்பதைப் பார்த்து, "குஞ்சு வாங்கிக்கலாம். போ," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மீட்புக்காரர்கள் படகோடு வந்தார்கள். மழையில் அவ்வளவு தூரம் சின்ன சிலிண்டரை நம்பிக் கொண்டுபோவது ஆபத்து, ஓடுகிறவரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று போனில் டாக்டர் சொன்னார். படகுக்காரர்கள் பாலும் ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அருள்தாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். மெஷின் நின்றிருந்த நேரம். இருசப்பன் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தன் மூச்சு வாங்க, நாலு வூடு இருட்டுல கெடக்குது," என்றான் அருள்தாஸ் மெதுவாக. "எங்கப்பன் வேலை செஞ்ச பண்ணையார் வூட்ல கூட ஒரு ஆளுக்கு இவ்ளோ பேரு இருந்ததில்ல மாமா."

"பேசாத. பேசினா செலவாவும்," என்றார் இருசப்பன். இருவரும் சிரித்தார்கள். சிரித்ததில் அருள்தாஸுக்கு இருமல் வந்து, ரெண்டு பேரும் பயந்துபோனார்கள்.

ரோசம்மாளை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுச் சகாயராணி மாடி வீட்டுக்குப் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மகாலட்சுமி அட்டைப்பெட்டிகளில் உமி பரப்பிக் குஞ்சுகளைப் பிரித்து வைத்திருந்தாள். பச்சையப்பன் சட்டியில் கரி மூட்டிக்கொண்டிருந்தார். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டிகளில் வைத்தால் ஒரு மணி நேரம் சூடு நிற்கும். அப்புறம் மறுபடி காய்ச்சி ஊற்ற வேண்டும். சகாயராணி அடுப்பின் முன் உட்கார்ந்து பாத்திரத்தை ஏற்றினாள். அன்றைக்கும் மறுநாளும் மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் அவள் அங்கேதான் இருந்தாள். ஒருத்தி காய்ச்சினாள், ஒருத்தி நிரப்பினாள். அப்படியும் குஞ்சுகள் செத்துக்கொண்டுதான் இருந்தன. ஈரக்குளிர் அவ்வளவு.

புதன்கிழமை மத்தியானம், செத்த குஞ்சுகளை வாளியில் எடுத்துப் போட்டுக்கொண்டே சகாயராணி சொன்னாள்.

"ஆடியில நான் பண்ணது தப்புதாம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

மகாலட்சுமி பாட்டிலை மூடிக்கொண்டே, "இப்ப அத எதுக்கு எடுக்கறக்கா? தண்ணிய ஊத்து, ஆறிடப்போவுது," என்றாள்.

அக்கா என்று மகாலட்சுமி கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வயதில் பத்து வருஷம் சின்னவள்தான். ஆனாலும் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவில் அந்த வார்த்தை இதுவரை வந்ததில்லை. கூப்பிட்டவள் அதைக் கவனித்தாளோ என்னவோ, சகாயராணி கவனித்தாள். பாட்டிலில் ஊற்றிய வெந்நீர் வழிந்து விரலைச் சுட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை திரையில் பத்தொன்பது காட்டியது. சகாயராணி அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாதா படத்தைப் பார்த்தாள். பத்தரை மணிவரை ஒரே கருமை. பிறகு கிழக்கே மேகம் கிழிந்தது. முதலில் கண்டது மாடியில் இருந்த பாக்யராஜ். "அக்கா! வெயிலு!" என்று அவன் போட்ட சத்தம் ஐந்து வீட்டுக்கும் கேட்டது. ரோசம்மாள் தண்ணீரில் நின்றுகொண்டே சிலுவை போட்டுக்கொண்டாள். பாக்யராஜும் பச்சையப்பனும் பனியனைக் கழற்றி, பேனல்களில் ஒட்டியிருந்த சேற்றையும் இலைகளையும் துடைத்தார்கள். பெட்டியருகே நின்ற சகாயராணி, எண் ஏற ஏற வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இருவது... இருவத்தொண்ணு..." அருள்தாஸும் உதட்டை அசைத்து, கூடவே எண்ணினான். சாயந்தரம் நாற்பத்துநாலு. வெள்ளி மத்தியானம் லைன் கரண்ட் வந்தது. அதற்குள் தெருவில் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிச்சம் இருந்தது.

முந்நூறு குஞ்சில் நூற்றெண்பது பிழைத்தது. புதுக்குஞ்சு இறக்கித் தருகிறேன் என்று சகாயராணி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மகாலட்சுமி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தையில் கோழிகள் வளர்ந்து, சித்திரையில் முட்டை வர ஆரம்பித்தபோது, சகாயராணி டி.வி.எஸ்ஸின் பின்னால் ஒரு பலகை கட்டி, முட்டை அட்டைகளை அடுக்கினாள். மாவு வாங்குகிற வீடுகளிலெல்லாம் இப்போது முட்டையும் வாங்குகிறார்கள். அதை மட்டும் மகாலட்சுமி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அருள்தாஸ் அந்தப் புயலுக்குப் பிறகு ஏழு மாதம் இருந்தான். அந்த ஏழு மாதத்தில் ஜெயசித்ராவுக்குப் பையன் பிறந்தான். ஈஸ்டர் முடிந்து ஞானஸ்நானம். கோயிலுக்குப் போக முடியாத தாத்தாவிடம் வெள்ளைச் சட்டையோடு குழந்தையைக் கொண்டுவந்து மடியில் படுக்கவைத்தார்கள். குழந்தை மூக்குக் குழாயைப் பிடித்து இழுத்தது. "பாரு, இவனுக்கும் வேணுமாம் பங்கு," என்றான் அருள்தாஸ். பூரணாங்குப்பத்திலிருந்து மச்சான் கொண்டுவந்த நண்டைக் குழம்பு வைத்து ஒரு நாள் ஆசை தீரச் சாப்பிட்டான். மழை விட்ட மாலைகளில் பச்சையப்பன் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, நெல் விலையைப் பேசிக்கொண்டிருப்பார். இந்த வீட்டுக்குள் அவர் வந்து உட்காருவது புயலுக்கு முந்தி நடந்ததில்லை. ஆனி கடைசியில் ஒரு காலை, காபி குடித்துவிட்டுச் சாய்ந்த அருள்தாஸ் அப்படியே போய்விட்டான். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருட்டிலோ, வழியிலோ, மூச்சுக்குத் தவித்தோ போகவில்லை. தன் கட்டிலில், வயிறு நிறைந்து போனான்.

சகாயராணி அழும்போதெல்லாம் அதைத்தான் சொல்லி அழுதாள். "ஏழு மாசம் குடுத்தாங்க எனக்கு. நாலு வூட்டுக்காரங்களும் சேர்ந்து ஏழு மாசம் குடுத்தாங்க."

பதினாறாம் நாள் முடிந்ததும் மெஷினைத் துடைத்துச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்தாள். இப்போது அது வேறொரு ஊரில் ஓர் அம்மாவுக்கு ஓடுகிறது. பேட்டரியை வேறு வீட்டுக்கு மாற்றலாமா என்று கலைவேந்தன் கேட்டான். "எதுக்கு சார்? இங்கயே இருக்கட்டும். அந்த நம்பரப் பாக்காம எனக்குக் காலையில எழுந்திருக்க முடியாது," என்றாள். பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு ஐந்து சுவிட்சையும் காட்டி விளக்குவதும் அவள்தான். எப்படி இதெல்லாம் சண்டையில்லாமல் நடக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். "சண்டையெல்லாம் போட்டோம். நான்தான் ஆரம்பிச்சேன்," என்று ஒளிக்காமல் சொல்லுவாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. சகாயராணியும் ஜெயசித்ராவும் அருள்தாஸின் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். பூரணாங்குப்பத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். மாலை நாலரை மணிக்கு மகாலட்சுமி, கையில் சம்பங்கி மாலையோடு, கல்லறைகளுக்கு நடுவே எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் அவள் வருவது அதுதான் முதல் முறை.

"செருப்ப கழட்டணுமாக்கா?"

"வேணாம்மா, வா."

மாலையை வாங்கிச் சிலுவையில் போடப்போன சகாயராணி, திரும்பி அதை மகாலட்சுமியிடமே கொடுத்தாள். அவளே போட்டாள். உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி, "யாருடி இவங்க?" என்று காதோரம் கேட்டாள்.

"எங்க பக்கத்து வூடு," என்றாள் சகாயராணி.